புல்லுக்கு மழை ஊற்றிய என் சகலை

என்னைப் பற்றித்தான் எழுதச் சொன்னார்கள். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு, தோளில் மூங்கில் சுமந்து முன்னுக்கு வந்தவன் நான். இன்றைக்கு இந்தச் சுற்றுவட்டாரத்தில் கல்யாணமோ கூட்டமோ எதுவானாலும் என் பந்தலுக்குக் கீழேதான் நடக்கிறது. அதையெல்லாம் எழுத உட்கார்ந்தால் அச்சடிக்கிறவர் பயந்து ஓடிவிடுவார். அதனால் பெரிய மனது பண்ணி என் சகலையைப் பற்றி எழுதுகிறேன். நடுவில் நானும் வருவேன். வேறு வழியில்லை. நான் வராவிட்டால் அவர் கதையில் கூரையே நிற்காது.

சகலை என்றால் என் மனைவியின் தங்கையைக் கட்டியவர். ஒல்லியான ஆள். முகம் மட்டும் கொஞ்சம் கோளாறு. மணி என்ன என்று கேட்டால்கூட, அந்தக் கடிகாரத்தைத் திருடியவரே தான்தான் என்பது போல முழிப்பார். எதையும் மொத்தமாகச் செய்யத் தெரியாது. தண்ணீர் குடித்தால் மிடறு மிடறாக, பேசினால் சொல் சொல்லாக. கல்யாணம் பேசிய அன்று, பெண்ணைப் பிடித்திருக்கிறதா என்று கேட்டதற்குப் பாதிப் பதிலைக் காலையிலும் மீதியைச் சாயங்காலமும் சொன்னார் என்று என் மாமனார் சாகும்வரை சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

என் கொழுந்தியாள் அப்படியே நேர் எதிர். வாரக்கணக்கில் வாய் திறக்கமாட்டாள். திறந்தாளானால் தெருவே ஜன்னலைச் சாத்திக்கொள்ளும். இந்த இரண்டு பேரும் எப்படிக் குடும்பம் நடத்தினார்கள் என்பதற்குத் தனியாக ஒரு ஆராய்ச்சி நிலையம் வைக்கலாம்.

சகலை முதலில் இஸ்திரிக் கடை வைத்திருந்தார். கடை என்றால் சைக்கிள் கடைக்கும் பூட்டுக் கடைக்கும் நடுவே விட்டுப்போன ஒரு சந்து. அதில் ஒரு மேஜை, ஒரு பெட்டி, ஒரு கிண்ணம் தண்ணீர், பிறகு இவர். தேய்ப்பதற்கு முன்னால் துணிமேல் தண்ணீர் தெளிப்பார் பாருங்கள், அதுதான் அவருக்குக் கைவந்த ஒரே வேலை. விரல் நுனியைக் கிண்ணத்தில் தொட்டு ஒரு உதறு உதறினால், சட்டை முழுக்கச் சொல்லி வைத்த மாதிரி துளிகள் விழும். ஓர் இடத்தில் கூடுதல், ஓர் இடத்தில் குறைச்சல் என்பதே கிடையாது. ஆனால் இந்த அழகை எல்லாச் சட்டைக்கும் காட்டியதால் ஒரு நாளில் சில சட்டைகள்தான் முடியும். வாடிக்கையாளர்கள் கல்யாணத்துக்குக் கொடுத்த சட்டையைக் குழந்தையின் பெயர்சூட்டலுக்கு வாங்கிப் போனார்கள்.

ஒரு நாள் கண்ணாடி போட்ட ஒரு அம்மா தன் வெள்ளைக் கோட்டைத் தேய்க்கக் கொண்டுவந்தார். இவர் தெளிப்பதைப் பார்த்தவர் கோட்டை மறந்து கையையே பார்த்துக்கொண்டு நின்றாராம்.

"இன்னொரு தடவை தெளிங்க," என்றிருக்கிறார்.

இவர் முழித்துக்கொண்டே தெளித்திருக்கிறார்.

"எங்ககிட்ட வேலைக்கு வர்றீங்களா?"

"என்ன துணிம்மா?"

"துணி இல்லைங்க. புல்லு."

சகலை இஸ்திரிப் பெட்டியைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "புல்லுக்குப் பெட்டி சூடு தாங்குமாம்மா?" என்று கேட்டாராம்.

அப்படித்தான் அவர் ஆராய்ச்சி நிலையத்துக்கு வேலைக்குப் போனார். ஊரைவிட்டுத் தள்ளி, பார்க்கிற பக்கமெல்லாம் காய்ந்த புல். நடுநடுவே இடுப்பளவு புதர்கள், எதற்கோ கோபித்துக்கொண்டு தனியாக வந்து உட்கார்ந்த மாதிரி. பெயர்ப் பலகைதான் பெரிது, கட்டடம் சிறிது. ஒரு கூடம், கருவிகள் வைத்த ஒரு குளுகுளு அறை, உயரத்தில் ஒரு தண்ணீர்த் தொட்டி, பணியாளர்கள் தங்க இரண்டு அறை கொண்ட காலி வீடு ஒன்று. புல்வெளியில் கட்டம் கட்டமாக வேலி போட்டிருந்தார்கள். அந்தக் கட்டங்களுக்கு மழை பெய்வதுதான் சகலையின் வேலை.

ஆமாம், மழை பெய்வது. மேலேயிருந்து வருகிற மழையைக் கட்டத்துக்குள் விடக்கூடாது. அதைத் தடுக்கக் கூரை வேண்டும். கூரைக்குக் கீழே இவர் பூவாளி முனை வைத்த குழாயைப் பிடித்து, மேடம் சொல்லுகிற நாளில், சொல்லுகிற அளவுக்குப் பெய்ய வேண்டும்.

கூரை என்றதும் வேறு யாரைக் கூப்பிடுவார்கள்? சகலை தயங்கித் தயங்கி என் பெயரைச் சொல்லியிருக்கிறார். நான் போய் இறங்கினேன். கண்ணாடி போட்ட அந்த அம்மா, எல்லோரும் மேடம் என்கிறார்கள், நானும் அப்படியே சொல்கிறேன், எனக்குச் சுற்றிக் காட்டி விளக்கினார்.

"யாருக்குங்க கல்யாணம்? புல்லுக்கா புதருக்கா?" என்று கேட்டேன். அவர் சிரித்தார். பெரிய படிப்புப் படித்தவர்கள் என் பேச்சுக்குச் சிரிப்பது எனக்குப் புதிதில்லை.

"மழை மொத்தத்துல குறையுதோ இல்லையோ, வர்ற விதம் மாறுதுங்க," என்றார் மேடம். "முன்னெல்லாம் கொஞ்சம் கொஞ்சமா அடிக்கடி வரும். இப்ப ரொம்ப நாள் வராம இருந்துட்டு, ஒரே நாள்ல கொட்டிட்டுப் போகுது. ரெண்டுலயும் தண்ணி அதே அளவுன்னு வச்சுக்குங்க. இந்தச் செடிங்க எப்படிக் குடிக்கும்? யாருக்கு லாபம், யாருக்கு நஷ்டம்? அதைத்தான் பார்க்கிறோம்."

"அவ்வளவுதானே? சில்லறை வியாபாரம், மொத்த வியாபாரம்," என்றேன்.

மேடம் அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். அவர் அதற்கு ஏதோ நீளமான பெயர் வைத்திருந்தார். மறுநாளிலிருந்து அவரும் சில்லறை மழை, மொத்த மழை என்றுதான் சொன்னார். கூலியில்லாமல் நான் செய்து கொடுத்த வேலை அது ஒன்றுதான்.

விஷயம் இப்படி. சில்லறை மழை மண்ணின் மேல்தோலை மட்டும் நனைக்கும். புல்லின் வேர் அங்கேதான் பரந்து கிடக்கிறது. ஆனால் அது வாய் வைப்பதற்குள் வெயில் தன் கமிஷனை எடுத்துக்கொள்ளும். மொத்த மழை ஆழத்துக்கு இறங்கிவிடும். அங்கே வெயிலின் கை எட்டாது. ஆழத்தில் வேர் விட்ட புதர் சாவகாசமாக உட்கார்ந்து குடிக்கும். மேலே இருக்கிற புல்லுக்குச் சில நாள் விருந்து, அதற்கப்புறம் பட்டினி. அடுத்த மொத்த மழை தள்ளிப் போகப் போக, ஒரு நாள் புதரும் கையை விரித்துவிடும். எப்போது விரிக்கிறது என்று பார்க்கத்தான் இத்தனை ஏற்பாடு. இலைகளில் கண்ணுக்குத் தெரியாத வாய்கள் இருக்கின்றனவாம். தண்ணீர் தட்டுப்பாடு வந்தால் இருக்கிறதை வெளியே விடாமல் அவை வாயை மூடிக்கொள்ளும் என்றார் மேடம். என் மாமனார் குடும்பத்தில் தட்டுப்பாட்டுக்கு மூடுகிற வாய் ஒன்றுகூடக் கிடையாது. இலையைக் கவ்விப் பிடித்து, வாய் திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்று சொல்ல ஒரு கருவி வைத்திருந்தார். புதரின் தண்டில் ஒரு பட்டை கட்டி, அதற்குள் ஏறுகிற தண்ணீரையும் கண்காணித்தார்.

கூரை போட்டேன். கண்ணாடி போலத் தெரிகிற தகடு, வெயிலை உள்ளே விடும், மழையை விடாது. ஒரு பக்கம் சாய்த்து, விளிம்பில் தகர வாய்க்கால் வைத்து, தண்ணீரைத் தூரத்தில் ஒரு பீப்பாய்க்குக் கொண்டுபோனேன். முதல் கூரையை என் கையாலேயே கட்டினேன். மற்றவற்றை என் ஆட்கள் கட்டினார்கள்.

சகலைக்கு நிலையத்தில் பெயரே மழை என்று ஆகிவிட்டது.

"மழை வந்தாச்சா?"

"மழை இன்னும் டீ குடிக்குது மேடம்."

"மழைக்கு வயிறு சரியில்லையாம். நாளைக்குத்தான் பெய்யுமாம்."

இவரும் அதற்குத் தகுந்த மாதிரி மாறிப்போனார். பெய்வதற்கு முன்னால் ஒரு தகர டப்பாவைக் குச்சியால் லேசாகத் தட்டுவார். எதற்கு என்று கேட்டேன்.

"இடிங்க அண்ணே."

"எதுக்கு இடி?"

"சொல்லாமக் கொள்ளாம மேல தண்ணி விழுந்தா... பதறிடாதுங்களா?"

மேடமிடம் புகார் செய்தேன். "டப்பா தட்டுறதுல தண்ணி கூடவும் இல்ல, குறையவும் இல்ல. தட்டட்டும் விடுங்க," என்றுவிட்டார்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். சகலையின் வேலை தற்காலிகம். ஒவ்வொரு பருவமும் முடிந்ததும் வீட்டுக்கு அனுப்பி, மறுபடி கூப்பிடுவார்கள். என் கொழுந்தியாள் இரண்டு வருஷம் வாயைத் திறக்காமல் பார்த்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது திறந்தாள்.

"இந்தத் தடவை பர்மனெண்ட் ஆகலைன்னா, அந்தப் புல்லுக்கும் உங்களுக்கும் ஒட்டு உறவு முடிஞ்சுது. மாமாவோட பந்தல் கிடங்குல வேலைக்குப் போயிடணும். நாற்காலி கழுவினாலும் மாசாமாசம் கழுவலாம். ஊருல இருக்கிறவன் எல்லாம் வேலைக்குப் போறேன்னு சொல்றான். நீங்க பெய்யப் போறேன்னு சொல்றீங்க. பக்கத்து வீட்டுல கேட்டா நான் என்னன்னு சொல்ல?"

அவள் பேசி முடிக்கும்போது சாப்பாடு ஆறிப்போயிருந்தது.

"தாராளமா வரட்டும்," என்றேன் நான். "நான் பார்த்துப் பக்குவமா ஆளாக்கிடறேன்."

சகலையின் கையிலிருந்து கவளம் தட்டில் விழுந்தது. முன்பு ஒரு மாதம் என் கிடங்கில் இருந்தவர்தான். நான் கொஞ்சம் சத்தமாகப் பேசுகிறவன். சத்தம் போடாமல் யாரும் பந்தல் கட்ட முடியாது. என் குரல் கேட்டாலே அவருக்குப் பேதியாகும் என்று கொழுந்தியாளே ஒரு முறை சொன்னாள். ஊரில் எத்தனை பேருக்கு அப்படி ஒரு குரல் அமையும்? அன்றைக்கு என் மனைவி மட்டும் அவரைப் பார்த்துவிட்டு, "பாவம், அது பர்மனெண்ட் ஆகட்டும்," என்று முணுமுணுத்தாள்.

மேடமும் சிபாரிசு செய்வதாகச் சொல்லியிருந்தார். பருவம் முடியும்போது தலைமை அலுவலகத்திலிருந்து பெரியவர் வருவார். கணக்குகள் சுத்தமாக இருந்தால் நிலையத்தை நீட்டிப்பார்கள், சகலைக்கு நிரந்தர வேலையும் அந்தக் காலி வீடும் கிடைக்கும். கணக்கில் கோளாறு என்றால் எல்லோரும் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

கோளாறு வந்தது. ஒரு புதர் வழியாக வந்தது.

பனிக்காலம். மொத்த மழைக் கட்டங்களில் இந்த வருஷம்தான் முதல் தடவையாக இடைவெளியை இவ்வளவு நீட்டியிருந்தார்கள், கடைசியாகப் பெய்து வெகுநாள் ஆகியிருந்தது. புல் வெளுத்து, புதர்களும் ஒவ்வொன்றாக வாயை மூடிக்கொண்டன. ஒன்றே ஒன்றைத் தவிர. நான் கட்டிய முதல் கூரைக்குக் கீழே, மூலையில் இருந்த ஒரு புதர் மட்டும் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு ஜம்மென்று நின்றது. இலை பளபளவென்று. பட்டை கட்டிப் பார்த்தால் உள்ளே தண்ணீர் ஏறிக்கொண்டே இருக்கிறது. சுற்றிலும் எல்லாரும் பட்டினி கிடக்கும்போது இது மட்டும் மாமியார் வீட்டுக்கு வந்தது மாதிரி இருந்ததால், நிலையத்தில் அதற்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்தார்கள்.

மேடம் சகலையைத் தனியாகக் கூப்பிட்டார். கோபமாக இல்லை. அதுதான் அவருக்கு இன்னும் கஷ்டமாகிவிட்டது.

"அண்ணே, உண்மையைச் சொல்லிடுங்க. பாவம் பார்த்து ஊத்தினீங்களா?"

"இல்லீங்க மேடம்."

"ஒரு டம்ளர்? குடிச்ச மிச்சம்?"

"இல்லீங்க மேடம்."

சொன்னதெல்லாம் சத்தியம். ஆனால் முகம் இருக்கிறதே! அந்த முகத்தைப் பார்த்தால் மாப்பிள்ளைக்கு மட்டுமில்லை, ஊரிலுள்ள எல்லாப் புதருக்கும் குடம் குடமாக ஊற்றியவர் மாதிரிதான் தெரியும். போதாததற்கு இவருக்கு முன்கதை வேறு உண்டு. தெருநாய்க்குக் கிண்ணத்தில் தண்ணீர் வைப்பார். கல் பெஞ்சு வெயிலில் சுடுகிறது என்று அதன் மேலும் தெளித்துவிட்டு வருவார். இப்படிப்பட்டவர் காய்ந்த புதரைச் சும்மா விட்டிருப்பார் என்று யார் நம்புவார்கள்? பெண்டாட்டியே நம்பவில்லை.

"ஊத்தியிருப்பாரு மாமா," என்றாள் அவள். "தூக்கத்துல எந்திரிச்சுப் போயாவது ஊத்தியிருப்பாரு. கிடங்குல இவருக்கு ஒரு இடம் பார்த்து வைங்க."

மேடம்தான் ஒரு வழி கண்டுபிடித்தார். சகலை கொஞ்ச நாள் புல்வெளிப் பக்கமே வரக்கூடாது. அவர் இல்லாதபோது மாப்பிள்ளை வாயை மூடுகிறானா பார்ப்போம். மூடினால் குற்றம் இவர் மேல். அதுவரை அவர் என் வீட்டில், என் கண்காணிப்பில் இருக்க வேண்டும். நம்பிக்கையான ஆள் என்றால் நான்தானே.

அந்த நாட்களில் என் வீடு பட்ட பாடு. மழைக்குப் பழகிய கை சும்மா இருக்குமா? ஈரத்துணி காய்கிற கொடியின் கீழே போய் நின்று சொட்டுகளை வேடிக்கை பார்ப்பார். ஒரு நாள் நான் குளித்துக்கொண்டிருக்கும்போது வெளியே டக் டக் என்று தகரச் சத்தம்.

"யாருப்பா அது?"

"நான்தான் அண்ணே. மோட்டார் போடப் போறேன். தண்ணி வேகமா வரும்... அதான் முன்கூட்டியே..."

எனக்கு இடி இடித்திருக்கிறார்! நான் என்ன புல்லா?

சாயங்காலமானால் தொலைபேசிக்குப் பக்கத்தில் போய்க் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். ஊரில் இருக்கிற மனிதர்களெல்லாம் பரீட்சை முடிவுக்கும் பிரசவத்துக்கும் காத்திருப்பார்கள். என் சகலை ஒரு புதர் இன்னும் தண்ணீர் குடிக்கிறதா என்று தெரிந்துகொள்ளக் காத்திருந்தார். கடைசியில் மேடம் கூப்பிட்டார். நான்தான் எடுத்தேன்.

"அது இன்னும் குடிக்குதுங்க!"

"இன்னும் குடிக்குதாம்!" என்று கத்தினேன். சகலைக்குக் கண் கலங்கிவிட்டது. என் மனைவி ஓடிவந்து, "யாரு குடிக்கிறது? நம்ம பெரியவனா?" என்று பதறினாள். அவளுக்கு விளக்கிச் சொல்வதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

சகலை தப்பித்தார் என்றுதான் நினைத்தோம். ஆனால் மேடம் குரலில் சந்தோஷமில்லை. இவர் ஊற்றவில்லை என்பது நிரூபணமாகிவிட்டது, சரி. பிறகு தண்ணீர் எங்கிருந்து வருகிறது? தெரியாத தண்ணீர் ஒரு கட்டத்தில் வந்தால் மற்ற கட்டங்களிலும் வந்திருக்கலாம். அப்புறம் அந்தப் பருவத்தின் எந்தக் கணக்கையும் பெரியவர் ஒப்புக்கொள்ளமாட்டார். பூமிக்குள் குழாய் கசிகிறதா என்று வேலிக்கு வெளியே தோண்டிப் பார்த்தார்களாம், காய்ந்த மண்தான். பெரியவரோ இன்னும் இரண்டொரு நாளில் வரப்போகிறார்.

"நான் வந்து பார்க்கிறேன்," என்றேன். என் கூரைக்குக் கீழே எனக்குத் தெரியாமல் ஒரு சொட்டுத் தண்ணீர் வருவதாவது.

விடியற்காலையில் என் வண்டியில் சகலையை ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். கொழுந்தியாளும் ஏறிக்கொண்டாள். அவரது துணிமணி, பாத்திரம் எல்லாவற்றையும் அங்கிருந்து அள்ளிக்கொண்டு நேராக என் கிடங்குக்குக் கூட்டிப்போவது அவள் திட்டம். போகிற வழி முழுக்க ஒரு வார்த்தை பேசவில்லை. அதிலிருந்தே புரிந்துகொண்டு சகலை ஜன்னல் பக்கம் ஒட்டிக்கொண்டார்.

போய்ச் சேர்ந்தபோது நல்ல பனி. மேடம் கையில் கருவியுடன் மாப்பிள்ளைக்கு முன்னால் குந்தியிருந்தார். நான் கூரையைச் சுற்றி வந்தேன். ஓட்டை இல்லை, கிழிசல் இல்லை. என் வேலை ஆயிற்றே. கொழுந்தியாள் மூட்டை கட்டக் கட்டடத்துக்குள் போகவேண்டியவள், அதற்கு முன்னால் கணவரிடம் கொஞ்சம் பேசிவிட்டுப் போகலாம் என்று வேலிக்கு வெளியே, கூரையின் மூலைக் காலில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தாள். அந்தக் கால் வேலியை ஒட்டியே நின்றது. அதற்கு அந்தப் பக்கம் மாப்பிள்ளை.

"கேளுங்க," என்று ஆரம்பித்தாள். "உங்களைக் கட்டிக்கிட்டு வந்த நாள்லேர்ந்து..."

மடை திறந்துவிட்டது. இஸ்திரிக் கடையிலிருந்து தொடங்கி டப்பா வரை வந்தாள். சகலை தலையைக் குனிந்துகொண்டு நின்றார். நடுவில் திடீரென்று பேச்சு நின்றது. அவள் பேச ஆரம்பித்துப் பாதியில் நிறுத்தியதை எங்கள் குடும்பத்தில் யாரும் பார்த்ததில்லை. துள்ளி எழுந்தாள்.

"யாரு என் முதுகுல தண்ணி ஊத்தினது?"

எல்லோரும் சகலையைப் பார்த்தோம். கைகளை விரித்துக் காட்டினார். வெறுங்கை.

முதுகு முழுக்க ஈரம். மேடம் அந்தக் கூரைக் காலைத் தொட்டுப் பார்த்தார். அதில் சுற்றியிருந்த துணியைத் தொட்டார். பிழிந்தார். மாப்பிள்ளையின் காலடியில் தண்ணீர் ஒழுகியது.

"இது என்னங்க துணி?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார்.

எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. அந்தத் துணிதான் என் தொழில் ரகசியம். மற்றவர்கள் பந்தலில் மூலையில் தண்ணீர் சொட்டும். சொட்டுச் சொட்டாகச் சாப்பிடுகிறவர் இலையில், பெரிய மனிதர் வழுக்கையில் விழும். நான் மட்டும் தாழ்ந்த மூலைக் காலில் மேலிருந்து கீழ்வரை ஒரு பழந்துணியைச் சுற்றிவிடுவேன். சொட்டு துணியைப் பிடித்துக்கொண்டு சத்தமில்லாமல் தரைக்கு இறங்கிவிடும். இந்த ஒரு துணியால் நான் பிடித்த வாடிக்கை எத்தனை! பந்தல் என்றால் என் கை தானாகவே துணியைத் தேடும். கீழே இருப்பது சம்பந்தி வீட்டாரா புதரா என்று கை பார்க்காது.

இதையெல்லாம் மேடமுக்கு விரிவாக எடுத்துச் சொன்னேன்.

"ஆனா மழையே பெய்யலையே. வாய்க்கால் வேற இருக்கு," என்றார்.

அவரே அண்ணாந்து பார்த்தார். தகடு முழுக்கப் பனி பூத்திருந்தது. மழை என்றால் விளிம்பிலிருந்து எட்டிக் குதித்து வாய்க்காலில் விழும். பனித் தண்ணீர் அப்படியில்லை, சோம்பேறி. விளிம்பைப் பிடித்துக்கொண்டு, தகட்டின் அடிப்பக்கமாக ஊர்ந்து, மூலைக் காலுக்கு வந்து, என் துணியில் சுகமாக இறங்கிக்கொண்டிருந்தது. ஒரு பெரிய கூரையின் பனி முழுவதும், ஒவ்வொரு விடியலும், ஒரே ஒரு புதருக்கு!

"மத்த கூரையிலயும் துணி சுத்தியிருக்கீங்களா?" கேட்டுக்கொண்டே மேடம் எழுந்துவிட்டார்.

நாங்கள் கட்டம் கட்டமாக ஓடினோம். அடுத்ததில் துணி இல்லை. அதற்கடுத்ததிலும் இல்லை. ஒன்றில்கூட இல்லை! பனித் தண்ணீர் வழவழப்பான காலில் கொஞ்சம் வழிந்து, வேலிக்கு வெளியே சாய்ந்திருந்த முட்டுக்கொம்பு வழியாக வெறும் கல்லில் போய்க் காய்ந்திருந்தது. எனக்கு ரத்தம் கொதித்துவிட்டது.

"பாருங்க இந்தப் பசங்க பண்ணின வேலையை! என் பேருல பந்தல் போட்டுட்டு துணி சுத்தாம வந்திருக்கானுங்க! இன்னைக்கு அவனுங்களை..."

"வேண்டாங்க! திட்டாதீங்க!" என்று மேடம் என் கையைப் பிடித்துக்கொண்டார். "அவங்க மறந்ததாலதான் நாங்க பிழைச்சோம்."

படித்தவர்களுக்கு வேலைச் சுத்தத்தின் அருமை தெரியாது. இருந்தாலும் அந்த நேரத்தில் விட்டுக்கொடுத்தேன். ஆக, கெட்டது ஒரு மூலை. ஒரே ஒரு புதர். மாப்பிள்ளையை மட்டும் கணக்கிலிருந்து எடுத்துவிட்டால் மற்றதெல்லாம் சுத்தம். மேடம் அப்போதே துணியின் அடியில் ஒரு குவளையை வைத்து எவ்வளவு இறங்குகிறது என்று அளக்கத் தொடங்கிவிட்டார். கொழுந்தியாள் முதுகைத் துடைத்துக்கொண்டே கணவரைப் பார்த்தாள். "அப்ப நீங்க ஊத்தலையா?" என்றாள். "இல்ல," என்றார் அவர். மூட்டை கட்டுவதை இரண்டு நாள் தள்ளிப்போட்டாள்.

பெரியவர் வந்தார். பளபளக்கிற ஷூ, மடிப்புக் கலையாத சட்டை. மாப்பிள்ளை விவகாரத்தை மேடம் மறைக்காமல் சொன்னார். பெரியவர் உம் உம் என்று கேட்டார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அன்றைக்குப் பார்த்து மொத்த மழை பெய்ய வேண்டிய நாள். சகலை குழாயைப் பிடித்துக்கொண்டு தயாராக நின்றார். பெரியவர் கிட்டே போய்ப் பார்க்கிறேன் என்று வேலியைத் தாண்டி, புல்லை மிதிக்காமல் இருக்கப் போட்டிருந்த பலகையில் ஏறிக் கட்டத்துக்கு நடுவிலேயே நின்றுகொண்டு ஏதோ கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார்.

டக் டக் என்று டப்பா சத்தம் கேட்டது. அதன் அர்த்தம் பெரியவருக்குத் தெரியாது. எங்களுக்குத் தெரியும். மேடம் வாயைத் திறப்பதற்குள் மழை பெய்யத் தொடங்கிவிட்டது.

"யோவ்! நிறுத்துய்யா!"

சகலை நிறுத்தவில்லை. முகம் வெளிறிப்போயிருந்தது, ஆனால் கை ஆடவில்லை. வாழ்க்கையிலேயே முதல் தடவையாக ஒரு முழு வாக்கியத்தை ஒரே மூச்சில் சொன்னார்.

"நடுவுல நிறுத்தினா அது சில்லறை ஆயிடும் சார், இது மொத்தம், இன்னும் பாக்கி இருக்கு, நீங்க நகர்ந்துக்குங்க சார்!"

பெரியவர் நனைந்த கோழி மாதிரி வெளியே வந்தார். நான் மனதுக்குள் கிடங்கில் ஓர் இடத்தை ஒழித்துவிட்டேன். சகலை கடைசித் துளி வரை பெய்து முடித்து, குழாயை மூடிவிட்டு, அப்புறம்தான் நடுங்க ஆரம்பித்தார்.

பெரியவர் கண்ணாடியைக் கழற்றி, துடைக்க ஈரமில்லாத துணி கிடைக்காமல் மறுபடி மாட்டிக்கொண்டார். தன் சட்டையைக் குனிந்து பார்த்தார். முன்னால், பின்னால், கைப்பக்கம் எல்லாம் ஒரே சீராக நனைந்திருந்தது.

"எனக்காகக்கூட மழையை நிறுத்தாத ஆளு, ஒரு புதருக்காகக் கூட்டிப் பெய்ய மாட்டாரு," என்றார் மேடமிடம். "இவரை விட்டுடாதீங்க."

நிரந்தர உத்தரவு அந்த மாதமே வந்தது. கொழுந்தியாள் அதை இரண்டு தடவை படித்தாள். உத்தரவை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனாள், இருட்டும்வரை திரும்பவில்லை. என் கிடங்குக்கு ஒரு நல்ல ஆள் கிடைக்காமல் போனது எனக்கு நஷ்டம்தான். சகலைக்கும் நஷ்டம்தான், நான் ஆளாக்கியிருப்பேன். அவர் ஏனோ அப்படி நினைத்ததாகத் தெரியவில்லை.

அந்த இரண்டு அறை வீட்டுக்கு அவர்கள் குடிபோன அன்று நானும் என் மனைவியும் சாமான் இறக்கப் போயிருந்தோம். மத்தியானம் வானம் கறுத்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே கொட்ட ஆரம்பித்தது. உண்மையான மழை. நிலையத்து ஆட்களெல்லாம் குதூகலமாக வாசலுக்கு ஓடினார்கள். சகலை மட்டும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்று, மேலும் கீழும் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"என்ன சகலை, மழைக்கே மழை பிடிக்கலையா?" என்றேன்.

"பாருங்க அண்ணே. அந்தப் பக்கம் அள்ளி ஊத்துது. இந்தப் பக்கம் தூறல். ஒரு ஒழுங்கு வேண்டாம்?"

"ஏங்க! கட்டில் நனையுது, வாங்க!" என்று உள்ளேயிருந்து கொழுந்தியாள் கூப்பிட்டாள்.

"சரி விடுங்க, பெய்யட்டும்," என்றேன் நான். "எப்பவோ ஒரு தடவை வருது."

"அதைத்தான் அண்ணே நானும் சொல்றேன்." சகலை முகத்தில் அன்றைக்குத்தான் திருட்டு முழி இல்லை. "எப்ப வரும், எப்ப போகும்னு அதுக்கே தெரியாது. அது டெம்பரரி. அப்படித்தான் வேலை பார்க்கும்."

சொல்லிவிட்டு, கட்டிலின் ஒரு பக்கத்தைத் தூக்க நிதானமாக உள்ளே போனார்.